ஜோஹரா சொன்னாள், கேட்டுக்கோங்க

ஜோஹரா ஆபா யார் கையையும் அளந்து பார்த்ததில்லை. வாசலில் ஒரு பெண் வந்து நின்றால் அவள் மணிக்கட்டை ஒரு பார்வை பார்ப்பாள். கூடைக்குள் கை போகும். வெளியே வருகிற வளையல் அந்தக் கைக்குச் சரியாக இருக்கும். ஐந்து விரலையும் சேர்த்துக் குவித்து, கட்டைவிரலின் அடிமேட்டை அமுக்கி, வலி தெரிவதற்குள் ஏற்றிவிடுவாள். பிள்ளையார்பாளையத்து நெசவு வீடுகளில் வேறு வளையல்காரியைக் கூப்பிட மாட்டார்கள். பட்டு நூலைத் தொட்டு வேலை செய்கிறவர்களுக்கு, வளையலில் சின்ன வெட்டு இருந்தாலும் இழை மாட்டிக்கொள்ளும். ஆபா ஒவ்வொரு வளையலின் விளிம்பையும் நகத்தால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துத்தான் கொடுப்பாள்.

அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தது 1964ல். அப்போது அவளுக்கு நாற்பது வயதிருக்கும். தெருவுக்கே அவள் ஆபா, அதாவது அக்கா. பிள்ளைகள் இல்லை. புருஷன் பம்பாய்க்குப் பிழைக்கப் போனவர், இரண்டு கடிதம் போட்டார், அதோடு சரி. யாராவது விசாரித்தால் ஆபா சிரிக்காமல் சொல்வாள்: "பம்பாய் பெரிய ஊரும்மா. வழி தெரியாம சுத்திக்கினு இருக்காரு."

நாங்கள் வீட்டில் பேசுவது உருது. ஆனால் அது அடுப்படி உருது. பள்ளிவாசலில் ஹஜ்ரத் பிரசங்கம் செய்கிற உருது வேறு. ரம்ஜானிலும் பக்ரீத்திலும் அவர் மைக்கில் ஒரு மணி நேரம் பேசுவார். பெண்கள் நாங்கள் பக்கத்து வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து கேட்போம். ஓர் இடத்தில் அவர் குரல் தழுதழுக்கும். உடனே நாங்களும் முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். எதற்கு அழுதோம் என்று கேட்டால் ஒருத்திக்கும் சொல்லத் தெரியாது.

ஒரு பக்ரீத் முடிந்த மறுநாள் ஆபா என்னிடம் கேட்டாள்:

"அல்லா கனவுல சொன்னாரு, இப்ராஹீம் நபி மகனை அறுக்கப் போனாரு, ஆடு வந்துச்சு. சரி. அந்தப் பையனோட அம்மா அப்போ எங்க இருந்தாங்க? ஹஜ்ரத் சொன்னாரா, இல்ல நான்தான் தூங்கிட்டேனா?"

"தெரியல ஆபா."

"நீ அஞ்சாம் கிளாஸ் படிச்சவளாச்சே."

"எங்க பள்ளிக்கூடத்துல அதெல்லாம் இல்ல ஆபா."

"அப்ப எதுக்குத்தான் படிச்சே?" என்றாள்.

அந்த வருஷம் பிள்ளையார்பாளையத்தில் தில்லையம்மாள் என்ற நெசவுக்கார அம்மாவின் மகன் காய்ச்சலில் இறந்துபோனான். ஆபா போய் வந்தாள். மருமகள் கையிலிருந்து உடைக்கப்பட்ட வளையல்கள், ஆபா பதினைந்து நாள் முன்பு போட்டுவிட்டவை. வந்ததும் எங்கள் அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அந்தம்மா ஒப்பாரி வெச்சாங்க, ஜஹனா. அவன் எந்தச் சட்டை போட்டுக்கினு போனான், எந்த டாக்டரு என்ன சொன்னாரு, எந்தச் சித்தப்பன் வரலை, பாதி நெய்ஞ்ச சேலை தறியில எப்படி நிக்குது, எல்லாம் பாட்டுலயே வந்துச்சு. எதுக்கு அழறோம்னு அவங்களுக்குத் தெரியுது. நாம பெருநாளுக்குப் பெருநாள் சும்மா அழறோம்."

அப்படித்தான் அவள் பாட்டு கட்டத் தொடங்கினாள். எங்கள் பெருநாட்களைத் தமிழில், ஒப்பாரி மெட்டில். அவளுக்கு எழுதத் தெரியாது. கூடையை இறக்கிவைத்துவிட்டு எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து சொல்வாள், நான் நாற்பது பக்க நோட்டில் எழுதுவேன். ஒரு வார்த்தைக்காக நாள்கணக்கில் காத்திருப்பாள். தெருவில் தலைச்சுமையோடு போகிறவள் திரும்பி வந்து, "ஜஹனா, 'வந்துச்சு' வேணாம், 'இறங்குச்சு'ன்னு போடு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் போவாள்.

பக்ரீத் பாட்டு இது:

கனாவைக் கண்டவர் கேட்டாரே – மகன்
கழுத்தைக் கொடுக்கச் சம்மதிச்சான்
வானத்து ஆடு இறங்குச்சே – பெத்த
அம்மாவை யாரும் கேக்கலையே
தண்ணிக்கு ஓடின காலுக்கு – இந்தத்
தகவலைச் சொல்ல ஆளில்லையே
ஜோஹரா சொன்னாள், கேட்டுக்கோங்க – அவ
சோறாக்கிக் காத்துக்கினு இருந்தாளே

கைக்குழந்தை இஸ்மாயீலின் தாகத்துக்காக ஹாஜரா அம்மா தண்ணீர் தேடி ஓடிய கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த அம்மா ஒரு பானைச் சோறோடு காத்திருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எழுதி முடித்த பிறகு கொஞ்ச நேரம் பேனாவை மூட மறந்துவிட்டேன். பக்ரீத் எனக்கு ஒரு பெருநாளாகப் புரிந்தது அப்போதுதான்.

கடைசி இரண்டு அடியில் பேர் வருவது அவளே கேட்டு வைத்துக்கொண்டது. உருதுப் பாட்டுகளில் பாட்டுக் கட்டினவர் கடைசி இரண்டு அடிக்குள் தன் பேரைச் சொல்லிவிடுவது வழக்கம். ஹஜ்ரத் பாடும்போது அந்த இடத்தில் ஆண்கள் தலையாட்டுவார்கள். "எனக்கும் அது வேணும். ரேஷன் கார்டைத் தவிர என் பேரு வேற எதுலயும் இல்ல" என்றாள் ஆபா.

இனி அஹமது பாஷாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜரிகைக் கடை முதலாளி. பள்ளிவாசல் கமிட்டியில் முக்கியமானவர். என் வீட்டுக்காரர் ஷபியுல்லா அவர் கடையில்தான் ஜரிகை நிறுத்துக் கொடுக்கிற வேலை பார்த்தார். 1970ல் நபிகள் பிறந்த நாளான மீலாதும் வரதர் கோயில் வைகாசித் திருவிழாவும் அடுத்தடுத்து வந்தன. அந்தக் காலத்தில் எந்தக் கூட்டம் போட்டாலும் கவியரங்கம் இல்லாமல் இருக்காது. பாஷாவும் மீலாதுக்கு 'நம் பெருநாட்கள்' என்று கவியரங்கம் வைக்கப்போவதாகத் தட்டி எழுதி மாட்டினார். முனிசிபாலிட்டி ஆட்கள் எல்லாம் வருகிறார்கள் என்றார்கள். அவரும் ஒரு கவிதை படிக்க வேண்டுமாம். அவரிடம் கவிதை இல்லை.

என் வீட்டுக்காரர் மதியம் சாப்பிட வந்தபோது சொன்னார்: "ஆபாவோட நோட்டை மொதலாளி கேக்கறாரு."

பக்கத்தில்தான் ஆபா உட்கார்ந்து, உடைந்த வளையல்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "எதுக்குப்பா?"

"மேடையில படிக்கத்தான் ஆபா. பொம்பளைங்க மேடை ஏற முடியாதில்ல. அவரு உங்களுக்காகப் படிப்பாரு."

ஆபாவின் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. "படிக்கட்டும். கடைசி ரெண்டு அடியை மட்டும் மாத்தாம படிக்கச் சொல்லு, ஷபி. மைக்குல ஒரு தடவை என் பேரு வரட்டும். பம்பாய் வரைக்கும் கேக்குதான்னு பாப்போம்."

"அதெல்லாம் சொல்லிட்டேன் ஆபா. வரும்னாரு."

நோட்டை நான்தான் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

மீலாது அன்று சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் கூட்டம் தொடங்கியது. தெருவை அடைத்துப் பந்தல். பெண்களுக்கு வழக்கம் போலப் பக்கத்து வீட்டு முற்றம், நடுவில் ஒரு படுதா. ஆபா பெட்டியிலிருந்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு படுதாவுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்திருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் நான். முன்வரிசையில் பாஷாவின் மனைவி. பாட்டு யாருடையது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். நோன்புக்கஞ்சி காய்ச்சும்போதும் அரிசி புடைக்கும்போதும் நாங்கள் பாடுகிற பாட்டுகள்தானே.

பாஷா தொண்டையைச் செருமிக்கொண்டு பக்ரீத் பாட்டைப் படித்தார். நன்றாகவே படித்தார். வீட்டில் நாலைந்து தடவை படித்துப் பார்த்திருப்பார். 'அம்மாவை யாரும் கேக்கலையே' என்ற இடத்தில் பந்தலில் ஒரு சத்தம் இல்லை. ஆபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மைக்கில் பேர் வருகிற அடி வந்தது.

"பாஷா நான் சொன்னேன், கேட்டுக்கோங்க..."

கைதட்டல் எழுந்தது. ஆபாவின் பிடி தளரவில்லை, இறுகவும் இல்லை. அப்படியே இருந்தது. யாரும் அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வாய் வரை ஏதோ வந்தது, விழுங்கிவிட்டேன். முன்வரிசையில் முதலாளி மனைவி உட்கார்ந்திருந்தாள்.

அதோடு முடிந்திருந்தால், திருடியவரும் பறிகொடுத்தவளும் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நடந்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள், "இன்னொண்ணு! பாய், இன்னொண்ணு!" என்று கத்தினார்கள். பாஷாவுக்குக் கைதட்டல் பிடித்துப்போயிருந்தது. நோட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எழுதியவள் நான். "ஆபா, நோன்புப் பாட்டு" என்றேன் மெதுவாக.

அது பெண்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். மாதத்தில் தொழுகை இல்லாத அந்த நாட்களில் பெண்கள் நோன்பு வைக்கக்கூடாது. விட்ட நோன்புகளை ரம்ஜான் முடிந்த பிறகு தனியாக வைத்துத் தீர்க்க வேண்டும். மார்க்கமே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் எந்த வீட்டிலும் அந்த நாட்களில் ஒரு பெண் ஆண்களுக்கு எதிரில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. அடுப்படி மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சத்தமில்லாமல் நாலு வாய் விழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, நோன்பாளி மாதிரி வெளியே வருவோம். எந்த ஆண்பிள்ளைக்கும் தெரியக்கூடாது என்றுதான் அப்படிச் சாப்பிடுகிறோம். அதனால் பாஷாவுக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

அவர் நல்ல குரலில் நிறுத்தி நிறுத்திப் படித்தார்:

முப்பது நோன்பும் வெச்சேனா – இல்லை
மூவேழும் ரெண்டும் நான் வெச்சேன்
மிச்சத்தை அடுப்படி மூலையிலே – சுவர்
மேலே கண் வெச்சுத் தின்னேனே
வாயைத் துடைச்சுக்கினு வெளியே வந்தேன் – என்
வறண்ட உதட்டைக் காட்டிக்கினேன்

படுதாவுக்கு இந்தப் பக்கம் யாரோ ஒருத்தி முதலில் களுக்கென்றாள். அப்புறம் அடக்க முடியவில்லை. வயதானவர்கள் கூட முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். பாஷாவின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கழுத்து வரை வியர்த்திருந்தது. அந்தப் பக்கத்தில் ஆண்களுக்கு வேறு மாதிரி கேட்டிருந்தது. பள்ளிவாசல் கமிட்டிக்காரர், ரம்ஜானில் ஏழு நாள் ஒளிந்து சாப்பிட்டதாக மீலாது மேடையில் மைக் வைத்துச் சொல்கிறார்.

"தவ்பா, தவ்பா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் ஒரு பெரியவர்.

"பாய், எங்க வீட்டுக்கு வந்திருந்தா ஆம்லெட்டு போட்டுக் கொடுத்திருப்பேனே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பந்தல் முழுக்கச் சிரிப்பு.

பாஷா நிறுத்திவிட்டார். நோட்டை மூடிவிட்டார். மைக்கில் ஊளைச் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் படிக்காமல் விட்ட அடிகள் இவை:

நீ விடச் சொன்னதைத்தானே விட்டேன் – அல்லா
நான் ஏன் ஒளிஞ்சுக்கினு தின்னேனோ
ஜோஹரா சொன்னாள், கேட்டுக்கோங்க – நீ
பார்த்தே, ஒளிஞ்சது ஊருக்குத்தான்

இந்த நாலு அடிக்காகத்தான் ஆபா அந்தப் பாட்டையே கட்டினாள். அல்லாவுக்கும் அவளுக்கும் நடுவில் மறைவு எதுவும் இல்லை என்பதை அவள் கண்டுபிடித்த இடம் அது. அது மட்டும் மேடையில் வரவில்லை.

மறுநாள் பாஷாவுக்கு முன்னால் இரண்டே வழிகள் இருந்தன. நோன்பில் ஒளிந்து தின்றவன் என்ற பேர், இல்லையென்றால் பாட்டைத் திருடியவன் என்ற பேர். அவர் மூன்றாவதாக ஒன்று கண்டுபிடித்தார். தான் சொந்தமாக எழுதி வைத்திருந்த கவிதைகளுக்கு நடுவில், தன்னை அவமானப்படுத்த வேண்டும் என்றே அந்த வளையல்காரி தன் அசிங்கத்தை எழுதிச் செருகிவிட்டாளாம். நபிகள் பிறந்த நாள் கூட்டத்தில் பெண்பிள்ளைகள் சமாச்சாரத்தை மைக் ஏற்றினாளாம்.

"அவங்களுக்குத்தான் எழுதத் தெரியாதே?" என்று கமிட்டியில் யாரோ கேட்டிருக்கிறார்கள். நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தவர் என் வீட்டுக்காரர் என்பதால் உடனே ஆள் எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஷபி, அந்த நோட்டுல இருக்கிற கையெழுத்து யாருது?"

"எனக்கெப்படித் தெரியும்? எங்க வீட்டுல பொம்பளைங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

என் விரலில் காலையில் பால் கணக்கு எழுதிய மைக்கறை இருந்தது. அதை மற்ற கையால் மூடிக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் மைக்கில் அறிவித்தார்கள். ஆபா எங்கள் அடுப்படியில் இருந்தாள். கூடையில் வளையல்களுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"வளையல் வியாபாரம் செய்யும் ஜோஹரா பீ, மார்க்கத்துக்கும் மரியாதைக்கும் விரோதமாக நடந்துகொண்டதால், ஜமாஅத் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். தவறினால் அவர் வீட்டு நல்லது கெட்டதில் ஜமாஅத் கலந்துகொள்ளாது..."

இரண்டு தடவை சொன்னார்கள். ஆபா வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"பேரைச் சரியாத்தான் சொல்றாங்க" என்றாள்.

நான் அழுதேன். "மன்னிப்புக் கேக்காதீங்க ஆபா. உங்களுக்கு என்ன, பிள்ளையா குட்டியா? வியாபாரமும் நெசவுக்காரங்க வீட்டுலதான். இவங்க தயவு எதுக்கு?"

"எனக்கு நல்லது ஒண்ணும் இல்ல, ஜஹனா. கெட்டது ஒண்ணு பாக்கி இருக்குது. அன்னிக்குத் தூக்க நாலு பேரு வேணுமே. நீ வந்து தூக்குவியா?"

மறு வாரம் பள்ளிவாசல் வாசலுக்கு வெளியே, புர்காவோடு வெயிலில் நின்று சொன்னாள். நான் கூடப் போகவில்லை. அவள் சொன்னதை என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். "தப்பு என்னோடதுதான். பொம்பளைங்க பாட்டை ஆம்பளை கையில கொடுத்திருக்கக் கூடாது." கமிட்டிக்காரர்கள் திருப்தியாகத் தலையாட்டினார்களாம். நோட்டு திரும்பி வரவில்லை. பாஷா வீட்டு வெந்நீர் அடுப்பில் போய்விட்டது என்று அவர் வீட்டு வேலைக்காரி சொன்னாள்.

அடுத்த மீலாதுக்கும் பாஷா கவிதை படித்தார். வெளியூரிலிருந்து ஒருவரை எழுத வைத்தார் என்று பேச்சு. அதற்கும் கைதட்டினார்கள்.

ஆபா அதன் பிறகு பாட்டு கட்டவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன், புது நோட்டு கூட வாங்கி வைத்தேன். "உன் வீட்டுல யாருக்கும் எழுதத் தெரியாதாமே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதற்கு அப்புறம் அவள் கூடையை எங்கள் அடுப்படியில் இறக்கியதில்லை. பெருநாள் பிரசங்கத்துக்கு வருவாள், மற்றவர்கள் அழும்போது அழாமல் உட்கார்ந்திருப்பாள். பிள்ளையார்பாளையத்தில் தில்லையம்மாள் ஒருநாள் கேட்டாளாம், "ஏம்மா, உங்க சாமிப் பாட்டு ஒண்ணு பாடுவியே?" என்று. "மறந்துபோச்சும்மா. வயசாகுதில்ல" என்று சொல்லிவிட்டாளாம்.

1974ல், ரம்ஜான் பிறை ஒன்பதில் இறந்துபோனாள். தூக்க நாலு பேர் வந்தார்கள். ஒப்புக்கொண்டபடி ஜமாஅத் நடந்துகொண்டது. பாஷாவும் வந்து தோள் கொடுத்தார். நாங்கள் வாசல் வரை போய் நின்றுவிட்டோம். அவளைக் குளிப்பாட்டியபோது அந்தக் கையில் இருந்த ஒரு ஜோடி வளையலை நான்தான் கழற்றினேன். கட்டைவிரல் மேட்டை அமுக்கி, அவள் செய்கிற மாதிரியே.

பாட்டுகள் மட்டும் போகவில்லை. நோட்டு எரிந்தாலும் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் இப்போது எந்த வீட்டிலும் கடைசி இரண்டு அடியைப் பாடுவதில்லை. மைக்கில் ஏலம் போட்ட பேர், பிள்ளைகள் முன்னால் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டார்கள். பேர் போனதோடு அந்த அடியில் இருந்த பொருளும் போய்விட்டது. ஹாஜரா அம்மா சோறாக்கிக் காத்திருந்தது இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தெரியாது.

போன ரம்ஜானில் பாஷா வீட்டுக்கு நோன்புக்கஞ்சி வேலைக்கு உதவப் போயிருந்தேன். வேலூரிலிருந்து வந்த புது மருமகள் அடுப்படி மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெங்காயம் அரிந்துகொண்டிருந்த ஒருத்தி அவளைப் பார்த்து, 'முப்பது நோன்பும் வெச்சேனா' என்று கேலியாக இழுத்தாள். அந்தப் பெண் கவளத்தோடு திரும்பினாள். கண்ணில் சிரிப்பு.

"எனக்காகவே கட்டின மாதிரி இருக்குதே! இந்தப் பாட்டை யாரு கட்டினது, ஆபா?"

என்னைத்தான் கேட்டாள். அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு அவள் மாமியார் நின்றுகொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் இன்னும் அந்தக் கடையில்தான் ஜரிகை நிறுத்துக்கொண்டிருக்கிறார்.

"தெரியலம்மா" என்றேன். "ஏதோ பழைய பாட்டு."

மாமியாரின் கரண்டி மறுபடியும் அண்டாவில் சுழன்றது. கூடத்தில் ஏதோ ஆண் குரல் கேட்டது. அந்தப் பெண் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி, மிச்சத்தை மெல்லாமல் விழுங்கினாள்.